பதினொன்றை விட மங்கல்

கடுக்காவட்டத்து மினி பஸ் டிரைவர் குப்புராஜ் முதன்முதலாக மங்கியது ஒரு வியாழக்கிழமை, கீழே சந்தை கூடும் நாள். மலையிலிருந்து இறங்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தபோது, டிரைவருக்குப் பின்சீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டீக்கடை தனகோட்டிக்கு, குப்புராஜின் முதுகு வழியாக வேகம் காட்டும் முள் தெரிந்தது. முள் நாற்பதில் இருந்தது. அந்த வளைவுக்கு நாற்பது அதிகம் என்பதால் "மெதுவா போப்பா குப்பு" என்றுதான் தனகோட்டி முதலில் சொன்னார். மற்றதைக் கேட்டது பத்தாவது வளைவில்தான்.

"இன்னாப்பா, உன் வழியா ரோடு தெரியுது?"

"காலைலருந்தே இப்படித்தாண்ணே," என்றார் குப்புராஜ். "சட்டைப் பட்டன் போடறதுக்குள்ள தாவு தீந்துபோச்சு. விரலு எங்க இருக்குதுன்னே தெரியல."

யாரும் இறங்கவில்லை. அடுத்த வண்டி சாயங்காலம்தான், சந்தையோ மதியத்தோடு கலைந்துவிடும். கண்டக்டர் விநாயகம் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்து ஸ்டீயரிங் திரும்புகிறதா என்று சரிபார்த்துக்கொண்டான். திரும்பியது. கீழே போனதும் குப்புராஜ் வழக்கம்போல ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தார். சமதரையில்கூடக் கல் வைக்காமல் அவர் வண்டியை விட்டு நகர்ந்ததில்லை. அன்று கல் தானாகப் புரண்டுபோய்ச் சக்கரத்தடியில் உட்கார்ந்ததைச் சந்தையே பார்த்தது, பார்த்துவிட்டுக் கத்தரிக்காய் பேரம் பேசப் போனது.

குப்புராஜின் மனைவி சுலோச்சனாவுக்குத்தான் இது ஏன் என்று தெரிந்தது, தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும் அன்றே தெரிந்தது. மலை உச்சியில் கூரை உருண்டையாக ஒரு நட்சத்திர ஆராய்ச்சி நிலையம் உண்டு, ஊர் அதை உருண்டை ஆபீஸ் என்று சொல்லும். அங்கே பெரிய டெலஸ்கோப்பில் பெரிய அதிகாரிகள் பார்ப்பார்கள். மேற்கு மாடியில் இருந்த சின்ன டெலஸ்கோப்பில் ஒரே ஒரு நட்சத்திரத்தைத் தினமும் பார்த்து எழுதுவது சுலோச்சனாவின் வேலை. அது ஒரு சிவப்பு நட்சத்திரம். மூச்சு விடுவதுபோல ஊதிச் சுருங்கி, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை பிரகாசித்து, மங்கி, மறுபடி பிரகாசிக்கும். அதற்கு அக்கம்பக்கத்தில் மாறாத நட்சத்திரங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றைவிட எவ்வளவு குறைச்சல், இன்னொன்றைவிட எவ்வளவு கூடுதல் என்று கண்ணால் நிதானித்து ஓர் எண் எழுத வேண்டும். அந்த எண் தலைகீழ்க் கணக்கு: சின்ன எண் என்றால் பிரகாசம், பெரிய எண் என்றால் மங்கல். மூன்று என்றால் நல்ல காலம், ஒன்பது என்றால் அடிமட்டம். பதினொன்றைத் தாண்டிவிட்டால் அந்தச் சின்ன டெலஸ்கோப்புக்குக் கண் தெரியாது.

சுவரில் பழுப்பேறிய ஒரு தாளில் மூன்று விதிகள் ஒட்டியிருந்தன. எழுதுவதற்கு முன் பழைய பக்கத்தைப் புரட்டாதே என்பது ஒன்று. சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்க்காதே என்பது இன்னொன்று. சிவப்பு வெளிச்சம் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குள் சேர்ந்துகொண்டே போகும், நட்சத்திரம் அப்படியே இருக்க நம் கண்தான் அதைப் பெரிதாக்கும், ஆகையால் ஒரே பார்வை, உடனே கண்ணை எடு. கடைசி விதி, நட்சத்திரம் தெரியாவிட்டால் 'இல்லை' என்று எழுதாதே, அன்றைக்கு உன் கண்ணுக்கு எட்டிய கடைசி நட்சத்திரத்தின் எண்ணைப் போட்டு 'இதைவிட மங்கல்' என்று எழுது. இருக்கிறதா இல்லையா என்று சொல்வது பார்வையாளர் வேலை அல்ல என்று அதற்குக் கீழே யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை நட்சத்திரம் ஒன்பதில் இருந்தது. எழுதி முடித்த பிறகு சுலோச்சனா பழைய பக்கங்களைப் புரட்டினாள், குப்புராஜுக்கு உடம்பு சோர்ந்த நாட்களையும் முகம் தெளிந்த நாட்களையும் நினைவிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், இரண்டும் ஒரே கோடாக ஏறி இறங்கின. வீட்டுக்கு வந்து சொன்னாள். பிள்ளை இல்லாத வீடு, சொல்வதற்கு அவர் ஒருவர்தான்.

"அதுக்கு நான் இன்னா பண்ணேன்?" என்றார் குப்புராஜ். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓடியது.

அந்த ஒன்பது வருஷத்தில் ஊர் பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தனகோட்டியின் டீக்கடைப் பலகையில் பஜ்ஜி, போண்டாவுக்குக் கீழே தினமும் காலையில் முந்தின நாள் எண்ணைச் சாக்பீஸால் எழுதிப் போட்டார்கள், எட்டைத் தாண்டிய நாட்களில் கடை பெஞ்சின் வலது மூலையில் யாரும் உட்காரக் கூடாது என்று ஏற்பாடாயிற்று, ஏனென்றால் சிமெண்டு வியாபாரி ஒருவர் தெரியாமல் குப்புராஜ் மடியில் உட்கார்ந்து வடை தின்றிருந்தார். மங்கிய மாதங்களில் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் காலி சீட்டைப் பார்த்து "வணக்கம்ணே" சொல்லிவிட்டு ஏறினார்கள், பிரகாசமான மாதங்களிலோ கடைசி டிரிப்பில் விளக்கே போட வேண்டியதில்லை, குப்புராஜ் உடம்பிலிருந்து வந்த இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதி முடித்தார்கள், பெண்கள் கீரை ஆய்ந்தார்கள், கல்யாணம் வைக்கிறவர்கள் எண் மூன்றாக இருக்கும் வாரத்தைக் கேட்டு வந்து, மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு நேர் பின்னால் அவரை நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி டிரைவர் சீட்டைத் தடவிப் பார்த்தார், லைசென்ஸ் போட்டோவைப் பார்த்தார், சட்டப் புத்தகத்தை முழுக்கப் புரட்டினார். டிரைவர் குடித்திருக்கக் கூடாது என்று இருந்தது, கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. குப்புராஜை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வருஷத்தில் இரண்டு மாதம் சூரியன் அந்த நட்சத்திரத்தின் பக்கம் போய் அதை மறைத்துக்கொள்ளும். உலகத்தில் அந்த நட்சத்திரத்தைப் பார்க்கிற எல்லாருடைய ரிஜிஸ்டரிலும் அந்த இரண்டு மாதம் வெற்றிடமாகக் கிடக்கும். சுலோச்சனாவிடம் மட்டும் வெற்றிடம் இல்லை. சமையல்கட்டில் துலக்கின பித்தளைக் குடத்தை ஒரு பக்கமும், அடிபிடித்த அலுமினியக் குண்டானை இன்னொரு பக்கமும் வைத்து, நடுவில் புருஷனை நிற்கச் சொல்லி, ஒரே பார்வையில் அளந்து தனி நோட்டில் எழுதிவைப்பாள்.

"என்னப் பாத்தா குடம் மாதிரியா இருக்குது?" என்று அவர் முறைத்துக்கொண்டு நிற்பார்.

"பேசாதீங்க, ஆடறீங்க," என்பாள் அவள்.

தலைமை அலுவலகத்திலிருந்து, சித்திரை மாதத்தில் எப்படி அளந்தீர்கள் என்று ஒருமுறை கடிதம் வந்தது. வீட்டில் வைத்து அளந்தேன் என்று உள்ளபடி பதில் எழுதினாள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவில்லை.

இப்படியே போயிருந்தால் கதை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நட்சத்திரத்தின் அடிமட்டம் இறங்க ஆரம்பித்தது. ஒன்பதில் நின்று திரும்பியது ஒன்பது புள்ளி நாலுக்குப் போயிற்று, அடுத்த தடவை பத்து, அதற்கடுத்த தடவை பத்தரை. பத்தரையில் குப்புராஜ் சோற்றுப் பானை ஆவி அளவுக்குத்தான் இருந்தார். படுத்தால் கட்டில் கயிறு இறங்கவில்லை, பேசினால் நாலு வீடு தள்ளிப் பேசுவதுபோல் இருந்தது. சுலோச்சனாவுக்கு மட்டும் மங்கலைப் பார்த்துப் பழகிய கண்ணோடு காதும் பழகிவிட்டிருந்ததால், அவர் வாய் இருக்கும் இடத்தில் காதை வைத்து, குழம்பில் உப்பு கம்மி என்பதுவரை கேட்டுவிடுவாள். அடுத்த அடிமட்டம் பதினொன்றைத் தாண்டும் என்று அவள் போட்ட கோடு சொன்னது.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள்: இந்த நட்சத்திரம் மங்குவதைத் தடுக்க ஏதாவது வழி உண்டா? பதில் வந்தது: தங்கள் அளவீடுகள் மிகவும் மதிப்பு வாய்ந்தவை, தொடர்ந்து அளக்கவும்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. மலைக்கோயிலில் பொங்கல் வைத்தார்கள், நட்சத்திரத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று தெருவிளக்குகளை அணைத்தார்கள், கடைசியில் தனகோட்டி தலைமையில் நாற்பது பேர் உருண்டை ஆபீஸ் படியேறி வந்து நின்றார்கள்.

"யம்மா, நாங்க பெருசா ஒண்ணும் கேக்கல. எண்ணக் கொஞ்சம் கொறச்சு எழுது. ஒரு அரை, முக்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

"நான் எழுதறதாலயாண்ணே அது எரியுது?" சுலோச்சனாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "தெர்மாமீட்டர ஒடச்சா காய்ச்சல் போயிடுமா? என் புருசன்ணே அவுரு. முடிஞ்சா எழுத மாட்டனா?"

நாற்பது பேரும் அவளிடமே மோர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

குப்புராஜ்தான் நிதானமாக இருந்தார். "அது பதினொன்னத் தாண்டிச்சுன்னா எங்க போவும்?" என்று கேட்டார்.

"எங்கயும் போவாது. அங்கயேதான் இருக்கும். நமக்குத் தெரியாது, அவ்ளோதான்."

"அப்ப நானும் இங்கயேதான் இருப்பேன்," என்றார். "ஒண்ணு பண்ணலாம். பத்தரை ஆச்சின்னா வண்டிய வேற ஆளுகிட்ட குடுத்துடறேன். வந்து உன் எதிர்ல உக்காந்துக்கறேன். போறதுன்னாலும் நீ பாத்துனு இருக்கறப்பவே போறேன். நான் பேசறது உனக்குத்தான கேக்கும்."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு வாரம்தான், பத்தரையிலிருந்து பதினொன்றுவரை. அதை அவள் மற்றப் பெண்கள் நகையைப் பத்திரப்படுத்துவதுபோல மனதுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

தை போய் மாசி வந்தது. பத்து, பத்து புள்ளி இரண்டு, பத்து புள்ளி நாலு. அதற்கு மறுநாள் சாயங்காலம் மேற்கே வெளிச்சம் அடங்கியதும் சுலோச்சனா டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, பத்தரையைத் தாண்டி மங்கிவிட்டது. கண்ணை எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக எடுத்திருக்கிறாள், காய்ச்சலிலும் எடுத்திருக்கிறாள், அம்மா செத்த பதினாறாம் நாளிலும் எடுத்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் அணைந்துபோன கரியை ஊதினால் கனல்வதுபோல, இருட்டுக்குள் அந்தச் சிவப்புப் புள்ளி மெல்ல மெல்லக் கனன்று வந்தது. அது தன் கண்ணுக்குள்தான் கனல்கிறது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் கை தன்பாட்டுக்கு எழுதியது: பத்து புள்ளி ஒன்று. பார்த்ததைத்தான் எழுதினேன், பொய்யா எழுதினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படி இறங்கினாள்.

மறுநாள் பலகையில் பத்து புள்ளி ஒன்று என்று பார்த்ததும் ஊர் துள்ளியது. தனகோட்டி டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார். நட்சத்திரம் திரும்பிவிட்டது, பொங்கல் பலித்துவிட்டது. குப்புராஜ் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, "பாத்தியா, பத்தரை ஆவல, லீவு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார். சுலோச்சனா சோற்றுத் தூக்கைக் கொடுத்து அனுப்பிவைத்தாள். அன்றும் உற்றுப் பார்த்து பத்து என்று எழுதினாள். அதற்கடுத்த நாள் ஒன்பது புள்ளி ஒன்பது. வீட்டிலும் அப்படியே, சாப்பிடும்போது எதிரே இருந்தவரைக் கண் இமைக்காமல் பார்த்தாள், பார்க்கப் பார்க்க மீசை தெரிந்தது, மீசையில் ஒட்டிய பருக்கை தெரிந்தது, எண் சரிதான்போல என்று அவளே நம்ப ஆரம்பித்தாள்.

"என்னாக்கா, அண்ணன் போன வாரத்தவிட மங்கலா இருக்காப்ல இருக்குது," என்று விநாயகம் மட்டும் சொன்னான்.

"பலகையப் பாருடா," என்று கடையில் இருந்தவர்கள் அவனை அடக்கினார்கள்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு விநாயகம் வெறுங்காலோடு ஓடி வந்தான். சுலோச்சனா வாசலில் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒன்பதாவது வளைவுல வண்டிய ஓரங்கட்டிட்டாரு. ஹேண்ட் பிரேக் போட்டிருக்குது. சக்கரத்துக்குக் கல்லு வச்சிருக்குது. யாருக்கும் ஒரு கீறல் இல்லக்கா."

"அவுரு?"

"ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலக்கா."

"கூப்பிட்டீங்களாடா?"

"எல்லாரும் கூப்பிட்டோம். சீட்டத் தொட்டுப் பாத்தோம்."

"எதனா சொன்னாரா?"

"சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. கல்லு வச்சிட்டு என் காதாண்ட வந்து இன்னாவோ சொன்னாரு. உன் பேரு வந்துச்சுக்கா. மீதி எனக்குக் கேக்கல." அவன் அழுதுவிட்டான். "நீயா இருந்தா கேட்டிருக்கும்."

சுலோச்சனா ஒன்பதாவது வளைவுவரை நடந்தே போனாள். சக்கரத்தடியில் கல் இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாய் இருந்திருக்கக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் காதை வைத்துப் பார்த்தாள். காற்றுதான் கேட்டது.

அன்று சாயங்காலம் டெலஸ்கோப்பில் ஒரே பார்வை பார்த்தாள், கண்ணை எடுத்தாள். இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் இருட்டு. ரிஜிஸ்டரில் எதையும் அழிக்கக் கூடாது என்பதால் முந்தின மூன்று நாள் எண்களின் மேலும் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 'உற்றுப் பார்த்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதற்குக் கீழே, பதினொன்றை விட மங்கல். மறுநாள் டீக்கடைக்குப் போய் எல்லார் முன்னிலையிலும் சொன்னாள். என்னால்தான் அவர் வண்டிக்குப் போனார், வீட்டில் இருந்திருக்க வேண்டியவர், என் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது. யாரும் திட்டவில்லை.

தனகோட்டி பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவன் இந்த பெஞ்சுலதாம்மா தினம் உக்காந்தான். எங்க கண்ணுக்கும் கொறஞ்சுதான் தெரிஞ்சான். நாங்க பலகையத்தான பாத்தோம்."

பதினாறாம் நாள் குப்புராஜின் அக்கா சாலம்மா, கீழூரிலிருந்து உறவு சனத்தோடு வந்து இறங்கினாள். காரியம் செய்ய வேண்டும், தம்பி பெண்டாட்டி பொட்டையும் தாலியையும் எடுக்க வேண்டும் என்றாள்.

"எடுக்க மாட்டேன் அண்ணி," என்றாள் சுலோச்சனா.

"ஊருல இல்லாத வழக்கமா? ஆளு இல்லன்னு ஆயிடுச்சு..."

"எங்க ரிஜிஸ்டர்ல இல்லன்னு எழுதற வழக்கம் கெடையாது."

"பின்ன இருக்கறானா?"

"அப்படியும் எழுத முடியாது அண்ணி."

சாலம்மா அவளை அடிக்கப் போகிறவள்போல நின்றாள். பிறகு வாங்கி வந்த பூவைக் கீழே வைத்து, சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "எத்தினி நாளைக்குடி?" என்று கேட்டாள். தெரியாது என்றாள் சுலோச்சனா. இரண்டு பேரும் அழுது முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது, சுலோச்சனா முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வண்டிக்குப் புது டிரைவர் வந்தார். சில காலைகளில் தான் வைக்காத கல் சக்கரத்தடியில் இருப்பதாக அவர் சொன்னார். ஊர் அதை நம்பியது. அவன்தான், வேறு யாருக்கு அந்தப் புத்தி வரும் என்றது. விநாயகம் வைத்திருக்கலாம் என்று சுலோச்சனாவுக்குத் தோன்றியது. அவனைக் கேட்கவில்லை. கல் வைப்பதை எந்த எண்ணாலும் எழுத முடியாது. டீக்கடைப் பெஞ்சின் வலது மூலை காலியாகவே கிடந்தது, பலகையில் தினமும் ஒரே வாசகம், பதினொன்றை விட மங்கல். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிப் பழகினார்கள்.

பங்குனியில் சூரியன் அந்த நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டது, வைகாசியில் விட்டபோதும் தெரியவில்லை. கணக்குப்படி ஆடியில் அது மூன்றுக்கு வந்து எரிய வேண்டும். ஆடி முதல் தேதி விடியற்காலையில் ஊரே உருண்டை ஆபீஸ் படிகளில் வந்து உட்கார்ந்தது, சாலம்மாகூடக் கீழூரிலிருந்து வந்திருந்தாள். சுலோச்சனா கண்ணை வைத்தாள், எடுத்தாள். இன்னொரு முறை வைக்கச் சொல்லி உடம்பு முழுக்கக் கெஞ்சியது. வைக்கவில்லை. ரிஜிஸ்டரில் எழுதினாள்.

"தெரியுதாம்மா?" என்று கீழேயிருந்து தனகோட்டி கேட்டார்.

"பதினொன்ன விட மங்கல்ணே."

அவர் பலகையை எழுதப் போனார். மற்றவர்களும் எழுந்து, வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

சுலோச்சனா வீட்டுக்கு வந்தாள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி ஒரு பக்கம் வைத்தாள், அலுமினியக் குண்டானை இன்னொரு பக்கம் வைத்தாள். நடுவில் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள். தனி நோட்டை எடுத்துத் தேதி போட்டு, பதினொன்றை விட மங்கல் என்று எழுதினாள். பேனாவை மூடும்போது கண் தானாக அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் போதும், மீசையோடு தெரிந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். நோட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.